பிளிறலை மறந்த கஜேந்திரன்

அந்தக் கார் மெயின்கார்டு கேட்டுக்குள் நுழைந்தபோது தெப்பக்குளத்து மீன்கள் ஒரு முழம் கீழே இறங்கிவிட்டன. இதை நான் கண்ணால் பார்த்தேன். உச்சிப் பிள்ளையார் கோயில் மணி தானாக ஆடியதாகச் சொல்பவர்களும் உண்டு. அதை நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

"பூதம், ஜன்னலைச் சாத்தாதே. அந்தச் சத்தத்தைக் கேக்கணும்" என்றார் செல்வமேரி மிஸ்.

"இதைக் கேக்க ஜன்னல் எதுக்கு மிஸ்? புதுக்கோட்டையில இருக்கறவன் இந்நேரம் காதைப் பொத்தியிருப்பான்."

என் முழுப்பெயர் மாத்ருபூதம். மிஸ் பாதியை வெட்டிவிட்டுப் பூதம் என்பார். எடை போடும் மெஷினில் நான் ஏறி நின்றால் சீட்டு வராது, காசு திரும்பி வரும். அப்படி ஒரு பூதம். மிஸ்ஸோ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதுக்குக் கருவி மாட்டியே பாதி ஆயுளைக் கழித்தவர். ஒருவர் தும்மினால் அவர் பாலக்கரையா, உறையூரா என்று சொல்லிவிடுவார். அந்தக் காதை நம்பித்தான் வேலையை உதறிவிட்டு, தெப்பக்குளத்தெரு ஜவுளிக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். அவர் குடையைத் தூக்கவும் கோபத்தைத் தாங்கவும் நான்.

கீழே, கறுப்பு ஹில்மன் கார் ஒன்று உறுமிக்கொண்டு வந்தது. வெள்ளைக்காரக் கலெக்டர் யாரோ யுத்தத்துக்கு முன்னால் வாங்கி, ஊருக்குக் கப்பலேறும்போது ஏலத்தில் விட்டுப்போனது. முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. பின்பக்க ஜன்னல்கள் ஏற்றிச் சாத்தி, உள்ளே காவித்திரை. திரைக்குப் பின்னாலிருந்து 'டொக், டொக்' என்று இரண்டு தட்டு கேட்டது. கார் நின்றது.

இறங்கியவர் ஸ்ரீரங்கம் திருநாராயண ஐயங்கார். ஓய்வு பெற்ற சப்-ஜட்ஜ். பஞ்சகச்சம், பளிச்சென்று திருமண், வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி. மாடியேறி வந்தார். நாற்காலியை ஒரு குற்றவாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். உட்காரவில்லை.

"நின்னுண்டே சொல்றேன். என் காருக்கு வந்த புது சைலன்சரை எவனோ களவாடிட்டான்."

"பழசு என்ன ஆச்சு சார்?" என்றார் மிஸ்.

"வர்றச்சே கேட்டேளே, அதுதான் பழசு. தெருவிலே என் காருக்குக் கஜேந்திரன்னே பேர் வெச்சுட்டா. நான் மொட்டைக் கோபுரத்தண்டை திரும்பினா, கோயில் யானை உள்ளேர்ந்து பதில் குரல் குடுக்கறது. பாராயணம் பண்றவாளுக்கு அடி மறந்து போறது. மாத்திடலாம்னு சம்பத்து சொன்னான். என் தம்பி பிள்ளை. மோட்டார் சாமான் வியாபாரம். தன் கைப்படப் பத்தவெச்சு ஒண்ணு பண்ணிக் குடுத்தான். மாட்டறதுக்கு முதல் நாள் நாலு டயரும் காத்து எறங்கிடுத்து. சரி, இன்னொரு நாள் பார்த்துக்கலாம்னா, சைலன்சரையே ஷெட்லேர்ந்து காணோம். சம்பத்து விடல்லை. இன்னொண்ணு பண்ணிண்டிருக்கான்."

"ஆக, கஜேந்திரன் கத்தணும்னு யாருக்கோ ஆசை" என்றேன்.

ஜட்ஜ் என்னைப் பார்த்த பார்வையில் மூன்று மாதம் கடுங்காவல் இருந்தது. "மாத்தலாமா, மாத்தப்படாதா? அதைத்தான் தெரிஞ்சுக்க வந்தேன். வீட்டுக்குள்ளே ஒரு விரோதி இருக்கான்னா எனக்குத் தெரிஞ்சாகணும்."

மிஸ் அந்தக் கண்ணாடித் தடுப்பைப் பற்றிக் கேட்டார்.

"அது மடிக்காகப் போட்டது. சாயங்காலம் அம்மா மண்டபத்திலே ஸ்நானம் பண்ணிட்டு மடியா ஏறுவேன். எவன் மூச்சும் மேலே படப்படாது. ஏறினா எல்லாக் கண்ணாடியும் சாத்திதான் இருக்கும். சித்திரை வீதி நாலையும் ஒரு சுத்து பிரதட்சிணம் வந்து ஆத்து வாசல்லே எறங்குவேன். ஒரு தட்டுன்னா போ, ரெண்டு தட்டுன்னா நில்லு. தட்டாம அப்துல் மாலிக் நிறுத்தவே மாட்டான். எட்டு வருஷமா ஓட்டறான். என்னை ஒரு தடவை தொட்டதில்லை. தங்கமான மனுஷன்."

"டிரைவருக்கு இப்படி ஒரு சர்ட்டிபிகேட்டை நான் கேள்விப்பட்டதில்லை" என்றேன். மிஸ்ஸின் செருப்பு என் கால்விரலைக் கண்டுபிடித்தது.

"சம்பத் இதுக்கு முன்னாடி யார் காருக்காவது சைலன்சர் பண்ணிக் குடுத்தாரா?"

ஜட்ஜின் முகம் கனிந்தது. "கும்பகோணத்திலே என் தமையனாருக்கு. அவரும் என்னாட்டம் சந்ததி இல்லாதவர். சம்பத்துன்னா உசிர். அந்தக் கார் பூனையாட்டம் போகும். போன மாசியிலே சாரங்கபாணி கோயிலுக்குப் போயிட்டுத் திரும்பறச்சே, பின்சீட்டிலே சாஞ்சபடியே பெருமாள் திருவடி சேர்ந்துட்டார். என்ன பாக்கியம் பாருங்கோ! முகம் ரோஜாப்பூவாட்டம் சிவந்திருந்தது. அப்படி ஒரு தேஜஸ். காருக்குள்ளே ஒரே சந்தன வாசனை. பெருமாளே வந்து அழைச்சுண்டு போனார்னு ஊரே சொல்லித்து."

மிஸ் கையிலிருந்த பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டார். எனக்கு முதுகில் பல்லி ஓடியது. அவர் பென்சிலைக் கொண்டையில் செருகினால் அந்த வாரம் யாராவது ஜெயிலுக்குப் போவார்கள், அல்லது மயானத்துக்கு.

"நான் சொல்ற வரைக்கும் சைலன்சரை மாத்தாதீங்க சார்."

"பார்க்கலாம்" என்றார் ஜட்ஜ். தீர்ப்பு சொல்லியே பழகினவர், கேட்டுப் பழக்கமில்லை.

கார் கிளம்பியது. மிஸ் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தம் பாலம் தாண்டிப் போகும்வரை கேட்டார்.

"ஓட்டை வால் பக்கம் இருக்கு பூதம். சத்தமும் புகையும் வெளியில ரோட்டுக்குத்தான் போகுது. நல்ல ஓட்டை. ஆளைச் செவிடாக்கும், கொல்லாது."

"சைலன்சர் கொல்லுமா மிஸ்?"

மிஸ் கண்ணைத் திறந்தார். குடையை எடு என்றார்.

*

ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் அன்றைக்கு ஏறியிருந்த கூட்டத்தை வைத்து ஒரு தாலுகா அமைக்கலாம். காவேரிப் பாலத்தில் காற்றே இல்லை. ஆற்றின் மேல் வானம் துருப்பிடித்த தகரம் போலத் தொங்கியது. மொட்டைக் கோபுரத்தின் உச்சியில் ஒரு காக்கைகூட உட்காரவில்லை. நான் காக்கையைப் பற்றிச் சொன்னேன். "வாயை மூடு" என்றார் மிஸ்.

மேலச் சித்திரை வீதி வீட்டு வாசலில் எங்களை வரவேற்றவன் சம்பத். முப்பது வயதிருக்கும். சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு எடுத்த குரல். அவன் வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் அவன் சந்தன அத்தர் வந்துவிட்டது.

"வாங்கோ, வாங்கோ. பெரியப்பா எல்லாம் சொன்னார். நீங்க உத்தரவு குடுக்கற வரைக்கும் சைலன்சரைத் தொடப்படாதுன்னுட்டார். நானும் சரின்னுட்டேன். பெரியவா மனசு கோணப்படாது, பாருங்கோ. அவர் ஸ்நானத்துக்குப் போயிருக்கார். வர்ற நேரந்தான். நான் தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

அவன் போனபிறகும் அத்தர் வாசற்படியிலேயே நின்றது.

"இவ்வளவு அத்தரை ஒரு ஆள் மேல ஊத்தினா காவேரியில மீன் பிடிக்கவே முடியாது மிஸ். எல்லாம் மணந்து போய்..."

"ஷெட்டைப் பார்ப்போம்."

கார் ஷெட் பழைய மாட்டுக்கொட்டில். சுவரில் ஒரு பெரிய ஆணி. புது சைலன்சர் தொங்கிய இடம் அதுதான். தரையில் வாரக்கணக்கில் படிந்த புழுதி. ஆனால் ஆணிக்கு நேர் கீழே மட்டும் துடைப்பத்தால் சுத்தமாகக் கூட்டியிருந்தது. சுவரோரச் செங்கல் இடுக்கில், துடைப்பத்துக்குத் தப்பிய ஏதோ ஒன்று ரோஜா நிறத்தில் மினுங்கியது. மிஸ் அதைக் கொண்டை ஊசியால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"என்ன இது?"

"வெங்காயச் சருகு. சின்ன வெங்காயம்."

"நாம எங்க நிக்கறோம்?"

"ஸ்ரீரங்கத்தில. சித்திரை வீதியில. ஆசாரமான ஐயங்கார் ஜட்ஜ் வீட்டில..." சொல்லச் சொல்ல என் கண் விரிந்தது. "மிஸ், இந்த வீட்டுக்குள்ள வெங்காயம் வரணும்னா சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு வேணுமே! அப்போ வெளியாள்தான். அப்துல் மாலிக். மத்தியானச் சோத்துக்கு வெங்காயம் கொண்டாந்திருப்பாரு. பிடிச்சாச்சு திருடனை. கிளம்பலாமா?"

"மாலிக் வெங்காயம் தின்னா தோலை எதுக்கு மறைக்கணும்? அவர் தின்னா யாரு கேக்கப் போறா? இங்க யாரோ விழுந்து விழுந்து கூட்டியிருக்காங்க. சைலன்சர் திருடினதை மறைக்க இல்லை பூதம். அதுதான் ஆணியைப் பார்த்தாலே தெரியுமே. வெங்காயத்தை மறைக்க."

"வெங்காயத்தை மறைக்க வேண்டியவங்க..."

"அடுப்பங்கரையில இருக்காங்க."

ஜட்ஜின் சம்சாரம் பத்மாசனி அம்மாள் மடிசாரும் வைரத்தோடுமாக அடுப்பங்கரை நிலைப்படியில் நின்றார். உள்ளேயிருந்து வந்த பெருங்காய நெடியில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஒரு கல்யாணத்துக்குப் போடும் பெருங்காயத்தை ஒரே குண்டானில் போட்டிருப்பார் போலிருக்கிறது.

"பெருங்காயம் கொஞ்சம் தூக்கலா இருக்கே, மாமி" என்றார் மிஸ் மெதுவாக. "ஒரு வாசனையை மறைக்க இன்னொரு வாசனை."

அதைச் சொல்லி முடித்ததும் மிஸ்ஸே ஏதோ உறைத்தவர் போல நின்றுவிட்டார். கண் வாசற்பக்கம் போய் வந்தது. ஆனால் அதற்குள் அம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"ஆத்துக்காரர்கிட்டே சொல்லிடாதேங்கோ! எதுத்தாத்து மருமாள் கொண்டு வந்து குடுத்தா ஒரு தடவை. நாக்கு கேட்கல்லை. வெங்காய சாம்பார் இல்லாம சாதம் எறங்கமாட்டேங்கறது. பெருமாளுக்குத் தளிகை தனியாப் பண்ணிடுவேன், அதிலே ஒரு குறை வெக்கல்லை. இது எனக்கு மட்டும். அந்தக் கார் மொட்டைக் கோபுரத்தண்டை வர்றச்சேயே நேக்குக் கேட்டுடும். உடனே குண்டானை ஒளிச்சு, பெருங்காயத்தைப் போட்டு, சாம்பிராணி காட்டிட்டுத் துளசி மாடத்தண்டை போய் நின்னுண்டுடுவேன். கார் சத்தமில்லாம வந்து நின்னா நான் என்ன பண்ணுவேன்? நீங்களே சொல்லுங்கோ!"

"அதனால டயர்ல காத்தை எறக்கினீங்க."

"கொண்டை ஊசியாலேதான்."

"சைலன்சரை?"

அம்மாள் எங்களை உக்கிராண உள்ளுக்குக் கூட்டிப்போனார். மூலையில் ஆளுயர நெற்குதிர். மூடியைத் தூக்கியதும் நெல் இல்லை. வெங்காயம். ஸ்ரீரங்கம் தீவு முழுவதும் ஒரு மாதம் அழுவதற்குப் போதுமான வெங்காயம். அதற்குள்ளே, ஜமக்காளம் சுற்றி, புது சைலன்சர் படுத்திருந்தது.

நான் சிரித்தேன். விழுந்து விழுந்து சிரித்தேன். துப்பறியும் சரித்திரத்திலேயே வெங்காய சாம்பாருக்காக நடந்த முதல் மோட்டார் திருட்டு! "மிஸ், கேஸ் முடிஞ்சுது. மாத்தலாமா வேண்டாமான்னா, மாத்தச் சொல்லுங்க. மாமிக்கு ஒரு சைக்கிள் மணி வாங்கிக் குடுத்துடலாம்."

மிஸ் சிரிக்கவில்லை. சைலன்சரை மடியில் கிடத்திக்கொண்டு கைக்குழந்தையைத் தடவுவது போலத் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"பூதம், இங்க வா. இது என்ன?"

சைலன்சரின் முதுகில், மேல்நோக்கி, செம்பு வாய் அகலத்துக்கு ஒரு கழுத்து. அழகாகப் பத்தவைத்திருந்தது. புகை போகவேண்டிய வால் பக்கத்தில் என் விரலை விடச்சொன்னார். விரல் பாதியில் முட்டியது. உள்ளே தகரம் வைத்து அடைத்திருந்தது.

"வால் வழியாப் புகை போகாது" என்றார் மிஸ். "கழுத்து வழியா மேல போகும். மேல என்ன இருக்கு?"

"காரோட தரை."

"தரைக்கு மேல?"

"பின்சீட்டு."

"அதில உட்காரறது யாரு? கண்ணாடி எல்லாம் ஏத்திச் சாத்திக்கிட்டு, ஒரு மூச்சுக்காத்து உள்ள வரக்கூடாதுன்னு உட்காரறது யாரு?"

வாலுக்குள் விட்ட விரலை வெடுக்கென்று உருவிக்கொண்டேன்.

"சந்தனம், மாமி" என்றார் மிஸ். "அதுவும் ஒரு வாசனையை மறைக்க வந்த வாசனைதான். கொடைக்கானல்ல எங்க சித்தி வீட்டில குளிருக்குக் கரியடுப்பை உள்ள வெச்சு, கதவைச் சாத்திட்டுத் தூங்கினாங்க ரெண்டு பேர். காலையில பார்த்தா முகம் ரோஜாப்பூ மாதிரி சிவந்திருந்தது. உசிர் இல்லை. உங்க மச்சினர் முகத்தில இருந்தது தேஜஸ் இல்லை. விஷப்புகை."

அம்மாள் நெற்குதிரைப் பிடித்துக்கொண்டார். "அப்போ கும்பகோணத்து வீடும் நிலமும் சம்பத்துக்கு வந்தது..." மிஸ் பக்கம் திரும்பினார். "அடுத்தது இவரா?"

"பயப்படாதீங்க மாமி" என்றேன். "அந்தச் சைலன்சர்தான் வெங்காயத்தோட வெங்காயமா இங்க இருக்கே. நம்ம கஜேந்திரன் இன்னும் பழைய..."

"நாழியாச்சே" என்றார் அம்மாள் திடீரென்று. "இந்நேரம் அவர் வந்திருக்கணுமே. சத்தம் கேட்கல்லியே. யானைகூடக் கத்தல்லியே."

மூவரும் ஒரு கணம் அந்த நிசப்தத்தைக் கேட்டோம். இன்னொன்று பண்ணிக்கொண்டிருக்கிறான் என்று காலையில் ஜட்ஜ் சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

*

வாசலுக்கு ஓடினோம். மாலை வெயில் தேர்முட்டி மேல் ரத்தச் சிவப்பாக விழுந்திருந்தது. எதிரே பூக்காரி மயிலம்மாள் கதம்பம் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஜட்ஜய்யா காரைப் பார்த்தியாம்மா?" என்றார் மிஸ்.

"பார்க்காம என்ன? சத்தமே இல்லாம மூணு சுத்து வந்தாச்சு. என்னிக்கும் ஒரு சுத்துதான். இன்னிக்கு என்ன வேண்டுதலோ! கஜேந்திரனுக்கு மோட்சம் கெடைச்சிருச்சுன்னு தெருவே பேசிக்குது."

அவர் சொல்லி வாயை மூடவில்லை, தெருமுனையில் அது திரும்பியது.

எத்தனையோ பயங்கரங்களைப் பார்த்தவன் நான். பொன்மலையில் தலையில்லாத என்ஜின் டிரைவர், உய்யக்கொண்டானில் மிதந்த மிருதங்கப் பெட்டி. எல்லாம் அந்தக் காருக்கு முன்னால் கால்தூசி. கறுப்பாக, மெதுவாக, ஒரு முனகல்கூட இல்லாமல் அது வந்தது. காவித்திரை அசையவில்லை. முன்சீட்டில் அப்துல் மாலிக் கப்பல் மாலுமி போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் பெருமை. தட்டினால் நிறுத்தவேண்டியவர். தட்டவில்லை, ஆகவே ஓட்டுகிறார். ஐயா நீண்ட பிரார்த்தனையில் இருக்கிறார் என்று நினைத்து, கோயிலைச் சுற்றிச் சுற்றி, தன் எஜமானைத் தானே கொன்றுகொண்டிருந்தார்.

"மாலிக்! நிறுத்துங்க!" மிஸ் கத்தினார். மாலிக் சிரித்துக்கொண்டே சலாம் வைத்துவிட்டுப் போனார். தெருவில் யார் கத்தினாலும் நிறுத்தக்கூடாது. அதுதான் எட்டு வருஷத்து உத்தரவு.

"பூதம்! ரெண்டு தட்டு!"

புரிந்துவிட்டது. மிஸ் கையோடு தூக்கிவந்திருந்த சைலன்சரைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அன்று நான் ஓடிய ஓட்டத்தை ஒலிம்பிக்காரர்கள் பார்த்திருந்தால் ரோமாபுரிக்கு வேறு யாரையும் அனுப்பியிருக்க மாட்டார்கள். பின்ஜன்னலை எட்டிப் பிடித்தேன். ஓங்கி ஒன்று. கண்ணாடி நட்சத்திரமாக விரிந்தது. இன்னொன்று. நொறுங்கி உள்ளே விழுந்தது.

இரண்டு தட்டு. கார் நின்றது.

என்ன ஒழுக்கம் பாருங்கள்! கண்ணாடி உடைந்ததற்கு மாலிக் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு தட்டு கேட்டது, அதனால் நிறுத்தினார்.

உடைந்த ஜன்னல் வழியாகச் சந்தன வாசனை குபீரென்று அடித்தது. அதற்குள்ளே புகையின் கசப்பு. ஜட்ஜ் மூலையில் சாய்ந்திருந்தார். கைத்தடி காலடியில் உருண்டு கிடந்தது. திருமண்ணுக்கு இருபுறமும் நெற்றி ரோஜாப்பூ நிறம்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. கதவைத் திறக்கப் போனேன். அதற்குள் எங்கிருந்தோ பாய்ந்து வந்து கதவுக்குக் குறுக்கே நின்றான் சம்பத்.

"தொடாதேங்கோ! மடியா இருக்கார்! அனுஷ்டானத்திலே இருக்கார்! யாரும் கிட்டே வரப்படாது!"

அந்த ஒரு சொல்லுக்கு அத்தனை பேரும் ஓர் அடி பின்னால் போனார்கள். நெற்றியில் திருமண் இட்டவர்கள், வேதம் படித்தவர்கள், பிராண சிநேகிதர்கள், எல்லோரும். எந்தப் போலீஸ்காரனும் போடமுடியாத வேலி அது. வேலிக்குள்ளே ஒரு மனுஷர் மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது.

மாலிக் இறங்கி வந்தார். உள்ளே பார்த்தார்.

"யா அல்லாஹ். ஐயா!"

சம்பத் கையை நீட்டினான். "மாலிக், நீயா தொடப்போறே? ஐயா எழுந்தா உன்னைச் சும்மா விடுவாரா?"

"எழுந்து திட்டட்டும்ங்க" என்றார் மாலிக். "எழுந்தாப் போதும்."

ஒரு கையால் சம்பத்தை நகர்த்தினார். எட்டு வருஷமாக ஒரு விரல்கூடப் படாத உடம்பை இரண்டு கையாலும் வாரி எடுத்தார். தேர்முட்டி நிழலில் காற்றோட்டமாகக் கிடத்தி, தன் தோள்துண்டால் விசிறத் தொடங்கினார். பத்மாசனி அம்மாள் அந்தத் தலையை மடியில் ஏந்திக்கொண்டார். அவர் கண்ணில் அழுகை இல்லை. கேட்கிற முகமாக இருந்தது. மொட்டைக் கோபுரத்துச் சத்தத்துக்குக் காது கொடுப்பாரே, அந்த முகம்.

"புது சைலன்சர் எப்போ மாட்டினீங்க மாலிக்?" என்றார் மிஸ்.

"மத்தியானந்தான்மா. ஐயா கண்ணயர்ந்த நேரத்தில சம்பத் ஐயாதான் ஓட்டிட்டுப்போய் அவரே மாட்டிக் கொண்டாந்தாரு. என்னை அடியில பார்க்கவே விடலை. ஐயாவுக்கு ஆச்சரியமா இருக்கட்டும், சொல்லாதேன்னாரு."

"பழுதா இருந்திருக்கும்" என்றான் சம்பத். பாகு காய்ந்துபோன குரல். "பத்தவெச்ச இடத்திலே விரிசல் விட்டிருக்கும். நான் என்ன பண்ணுவேன்? விபத்து."

"இருக்கலாம்" என்றார் மிஸ். "நீங்க பண்ணின சைலன்சர், உங்களுக்குத் தெரியாததா? ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. பின்சீட்டில ஏறி உட்காருங்க. உடைஞ்ச ஜன்னலை நம்ம பூதம் ஜமக்காளத்தால அடைச்சிடுவான். மாலிக் ஒரு சுத்து ஓட்டட்டும். ஒரே ஒரு பிரதட்சிணம்."

சம்பத் திறந்திருந்த கார்க்கதவைப் பார்த்தான். உள்ளே இருட்டாக இருந்தது. அவன் ஓர் அடி பின்னால் வைத்தான். இன்னோர் அடி. அத்தரை மீறிக்கொண்டு வியர்வை நாற்றம் வந்தது.

"ஏறுங்கோளேன்" என்றார் கூட்டத்தில் ஒரு பெரியவர்.

"மாட்டேன்!" என்று அலறினான் அவன்.

அந்த அலறலுக்குப் பிறகு சாட்சி, விசாரணை எதுவும் தேவைப்படவில்லை. அவன் ஓடத் திரும்பியபோது தெருவே சுவராக நின்றது. இந்தத் தடவை ஒருவரும் பின்னால் போகவில்லை. நான் சைலன்சரைத் தோளில் சாத்திக்கொண்டு அனுமார் மாதிரி நின்றேன். ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும்வரை அவன் என்னைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தான் என்று சொன்னால் நீங்கள் நம்பவேண்டும்.

முதலில் இருமல் வந்தது. பிறகு ஜட்ஜ் கண்ணைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார். தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த மாலிக்கின் கையைப் பார்த்தார். கையை இழுத்துக்கொள்ளவில்லை. மூக்கு மட்டும் சுருங்கியது.

"என்னது இது, ஒரு நாத்தம்?"

நான் கீழே வைத்திருந்த சைலன்சரின் கழுத்தில் வெங்காயச் சருகு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மாள் தலைப்பை நீட்டி அதை மறைக்கப் பார்த்தார். மிஸ் வானத்தைப் பார்த்தார். ஜட்ஜ் இரண்டு விரலால் சருகை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சைலன்சரைப் பார்த்தார். மனைவியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"பெருங்காயமாக்கும்" என்றார் கடைசியில். சருகை மேல்வஸ்திரத்தில் முடிந்துகொண்டார்.

*

மறுவாரம் சித்திரை வீதிக்கு நாங்கள் விருந்துக்குப் போனோம். பழைய சைலன்சரையே திரும்ப மாட்டியாயிற்று. மாத்தலாமா வேண்டாமா என்று ஜட்ஜ் அதற்குப் பிறகு கேட்கவில்லை. நாங்கள் வாசலை நெருங்கும்போதே மொட்டைக் கோபுரத்துப் பக்கம் கஜேந்திரன் பிளிறியது. உள்ளிருந்து கோயில் யானை பதில் சொன்னது. பாராயண கோஷ்டியில் நாலு பேருக்கு அடி மறந்தது. வீட்டுக்குள்ளே குண்டான் உருளும் சத்தம், ஓட்டமும் நடையுமாக மெட்டிச் சத்தம்.

ஆனால் கார் நேராக வீட்டுக்கு வரவில்லை. தெருமுனையில் நின்றது. நின்ற இடத்திலேயே ஊரே அதிர உறுமியது. உறுமிக்கொண்டே இருந்தது. துளசி மாடத்தடியில் அம்மாள் வந்து நின்று மூச்சு வாங்கியபிறகுதான் மெல்ல நகர்ந்து வந்தது.

மாலிக் இறங்கியதும் ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டேன். "என்ன மாலிக் பாய், முனையில ரிப்பேரா?"

"ரிப்பேரெல்லாம் இல்லைங்க. ஐயா புதுசா ஒரு தட்டு சொல்லிக் குடுத்திருக்காரு. மூணு தட்டுன்னா முனையில நின்னு நல்லா உறும விடணும்."

"எதுக்காம்?"

மாலிக் பின்சீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"'அவ மறைச்சு முடிக்கட்டும்டா'ங்கறாரு."